முயல் முதுகில் பொடுகு: ‘என்ன போடலாம்?’ என்று கேட்பதற்கு முன்னால்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, படிக்க வசதியாகச் சற்றே சுருக்கியிருக்கிறோம்.)



போன மாசம் ஒரு எபிசோட் முடிவுல, "வீட்டுல நாய், பூனை தவிர வேற என்ன வளர்க்கிறீங்க?"ன்னு சும்மா கேட்டு வெச்சேன். வந்த வாய்ஸ் மெசேஜ்கள்ல முயல்தான் அதிகம். அதுலயும் திருவையாறு, பாபநாசம், மன்னார்குடின்னு நம்ம டெல்டா பக்கத்துல இருந்து வந்த பல மெசேஜ்ல கேள்வி ஒண்ணுதான்: "முயல் முதுகுல உப்பைத் தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா உதிருது. என்ன போடலாம்?"

அந்தக் கேள்வியோட கடைசி வார்த்தையைக் கவனிங்க. ‘போடலாம்.’ வேப்பெண்ணெய் போடலாமா, மஞ்சள் போடலாமா, நாய்க்கு வாங்கின மருந்து மிச்சம் இருக்கு, அதைப் போடலாமா. முயலுக்கு என்ன ஆயிருக்குன்னு கேட்டவங்க ரொம்பக் கம்மி. எங்க வேலையிலயும் இப்படித்தான். சர்வர் படுத்துடுச்சுன்னா, லாக்ல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் ரீஸ்டார்ட் பண்ணுன்னு கத்துவாங்க. சர்வர் திரும்ப எழுந்துடும். ஒன்றரைக் கிலோ முயல் அப்படி எழுந்திருக்காது.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் கால்நடை மருத்துவர் இல்ல, சாஃப்ட்வேர் எழுதுறவன். அதனால இந்த எபிசோட் வைத்தியம் சொல்லித் தர்றதுக்கு இல்ல. மருத்துவர்கிட்ட போறதுக்கு முன்னாடி நாம என்ன பார்க்கணும், எதைக் கண்டிப்பா செய்யக் கூடாது, அது ஏன். இந்த மூணும்தான்.

மைட்டுக்குத் தமிழ்ல என்ன?

பேன் தெரியும். உண்ணி தெரியும்; மாட்டு மடியில, நாய் காதுல பெருசா, கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒட்டிட்டு இருக்கும். மைட்டுக்கு நம்மகிட்ட அப்படி ஒரு பழகின பேர் இல்ல. ஆனா அது உண்டாக்குற நோய்க்குப் பேர் இருக்கு: சொறி, சிரங்கு. விவசாயம் பண்றவங்களுக்குச் செஞ்சிலந்தி தெரிஞ்சிருக்கும். கத்திரிச் செடி இலைக்கு அடியில சிவப்பா புள்ளி புள்ளியா ஓடுமே, அதுவும் மைட்தான். முயல் மேல இருக்கிறது அதோட தூரத்துச் சொந்தம். எட்டுக் கால். பூச்சி இனம் இல்ல, சிலந்தி, உண்ணியோட கூட்டம்.

முயலுக்கு வர்றதுல முக்கியமானது மூணு.

முதலாவது, ரோமத்துல வாழ்ற மைட். அறிவியல் பேர் கைலெட்டியெல்லா. நீளம் அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. ஒரு சீரகச் சம்பா அரிசியோட நீளத்துல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. இது தோலைத் துளைச்சு உள்ளே போகாது. மேல்தோல் செதில்களுக்கு நடுவுல நடந்துகிட்டு, அங்கங்கே குத்தி உறிஞ்சும். அது நடக்கும்போது மேல இருக்கிற செதிலும் நகரும். அதனாலதான் இங்கிலீஷ்ல இதை ‘வாக்கிங் டேன்ட்ரஃப்’னு சொல்றாங்க, நடக்கிற பொடுகு. பெரும்பாலும் பிடரி, தோள்பட்டைகளுக்கு நடுவுல, முதுகு நெடுக, வாலுக்கு மேல. அரிப்பு லேசா இருக்கலாம், இல்லாமயும் போகலாம்.

ரெண்டாவது, காதுக்குள்ள வர்றது. சோராப்டிஸ். காதுக்கு உள்பக்கம் பழுப்பு நிறத்துல அடுக்கடுக்கா பொருக்கு கட்டும். முயல் தலையை உதறும், காதைப் பின்னங்காலால சொறியும், ஒரு காது தொங்கிப் போகும். இதுல முக்கியமான விஷயம்: அந்தப் பொருக்கைப் பிய்க்கக் கூடாது. அடியில தோல் ரணமா இருக்கும், பிய்ச்சா உயிர் போற வலி. சரியான மருந்து உள்ளே போனா, பொருக்கு கொஞ்ச நாள்ல தானா உதிர்ந்துடும்.

மூணாவதுதான் மோசமானது. சார்காப்டிஸ். மனுஷங்களுக்கு வர்ற சிரங்கும் இதே இனத்தோட இன்னொரு வகையாலதான் வருது. இது தோலுக்குள்ள வளை தோண்டும். மூக்கு நுனி, உதடு, கண்ணைச் சுத்தி, கால் விரல்கள்னு ஆரம்பிச்சு, சாம்பல் வெள்ளையா தடிப்பு கட்டும். அரிப்பு தாங்க முடியாது. முயல் சாப்பிடறதை நிறுத்திடும். பண்ணையில ஒரு கூண்டுல வந்தா, வரிசையா எல்லாக் கூண்டுக்கும் போகும்.

இப்போ புரிஞ்சிருக்கும். ‘வெள்ளையா உதிருது’ங்கிறது நோயோட பேர் இல்ல. எங்க உதிருதுங்கிறதுதான் முதல் தகவல். முதுகா, காதா, மூக்கா?

மைட் இல்லாமலும் உதிரும்

மயிர் மாத்துற சமயத்துல கொத்துக் கொத்தா ரோமம் வரும். கையில தடவினா பஞ்சு மாதிரி ஒட்டும். ஆனா அடியில தோல் சுத்தமா இருக்கும், சொறியாது, நல்லா சாப்பிடும். அது நோய் இல்ல.

படர்தாமரை வரும். பூஞ்சை. குட்டி முயலுக்குத்தான் அதிகம். முகம், காது, பாதத்துல வட்டமா ரோமம் கொட்டி, செதில் செதிலா இருக்கும். இது மனுஷங்களுக்கும் ஒட்டும். வீட்டுல குழந்தைக்குக் கையில வட்டமா தடிப்பு வந்திருந்தா, முயலைக் காட்டும்போது மருத்துவர்கிட்ட அதையும் சேர்த்துச் சொல்லுங்க. குழந்தைக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் பூசி, அதையே முயலுக்கும் பூசறது நிறைய வீட்டுல நடக்குது. அந்த ட்யூப்ல பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மூணு நாள் சிவப்பு குறையும், பூஞ்சை அடியில நிம்மதியா பரவும். முயல் அதை நக்கி வேற வைக்கும்.

இன்னொரு காரணம் இருக்கு. யாரும் தோல் நோய்னு நினைக்கவே மாட்டாங்க. முயல் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்க முடியாம போறது. முயல் பூனை மாதிரி. நக்கி, பல்லால கோதித் தன்னைச் சுத்தமா வெச்சுக்கும். நல்ல ஆரோக்கியமான முயல் மேலயே கொஞ்சம் ரோம மைட் இருக்கலாம். அது கோதிக்கோதி எண்ணிக்கையைக் கட்டுக்குள்ள வெச்சிருக்கும், நமக்கு ஒண்ணும் தெரியாது. உடம்பு பருத்துப் போய் முதுகை எட்ட முடியலைன்னா? பல் வலியால கோத முடியலைன்னா? வயசாகி மூட்டு வலின்னா? அப்போ மைட் பெருகும், பொடுகு கொட்டும். அதாவது மைட் புதுசா வந்ததுனால வியாதி இல்ல. இருந்ததைத் தடுத்துட்டு இருந்த ஏதோ ஒண்ணு நின்னு போச்சு. எங்க பாஷையில சொன்னா, எரர் வர்ற இடம் ஒண்ணு, பக் இருக்கிற இடம் வேற.

பக்கத்து வீட்டு ரெண்டு முயல்

இதை நான் படிச்சு மட்டும் தெரிஞ்சுக்கல. எங்க பக்கத்து வீட்டு அக்காவோட பையன் எட்டாவது படிக்கிறான். ரெண்டு வெள்ளை முயல் வெச்சிருந்தான், ஒரு ஆண், ஒரு பெண். ரெண்டுக்கும் முதுகுல பொடுகு. ஆணுக்குத்தான் அதிகம். ஒரு கடையில போய்க் கேட்டிருக்காங்க. கடைக்காரர் நாய்க்கு உண்ணி போக்கப் பிடரியில விடுற சொட்டு மருந்தைக் கொடுத்து, "சின்ன நாய் சைஸ்தான் இது, பாதி விடுங்க"ன்னு சொல்லியிருக்கார். சாயங்காலம் ஆண் முயலுக்கு விட்டாங்க. மறுநாள் காலையில அது சாப்பிடல. மத்தியானம் உடம்பு வெடவெடன்னு நடுங்க ஆரம்பிச்சு, வலிப்பு வந்து, ராத்திரிக்குள்ள போயிடுச்சு.

பையன் அந்த அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என்கிட்ட காட்டினான். "அண்ணா, இதுல என்ன இருக்கு, பாருங்கண்ணா"ன்னான். உள்ளே இருந்த சிட்டையில, பொடி எழுத்துல, முயலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னே அச்சடிச்சிருந்தது. மருந்தோட பேர் ஃபிப்ரோனில்.

டெல்டாக்காரங்களுக்கு இந்தப் பேர் புதுசு இல்ல. நெல்லுல தண்டு துளைப்பானுக்கு வயல்ல தூவுற குருணை மருந்துகள்ல ஒண்ணு ஃபிப்ரோனில். அதே மூலக்கூறுதான் நாய் சொட்டு மருந்துலயும். பூச்சியோட நரம்புல ஒரு கதவு இருக்கு. துடிப்பு போதும்னு சொல்லி நரம்பை அமைதிப்படுத்துற கதவு. ஃபிப்ரோனில் அந்தக் கதவை அடைச்சுடும். நரம்பு நிக்காம துடிச்சுத் துடிச்சுப் பூச்சி சாகும். நாயோட நரம்புல அது அவ்வளவா பிடிக்காது, அதனால அளவோட போட்டா நாய் தாங்கும். முயல் தாங்காது. வலிப்பும் சாவும் பதிவாகியிருக்கு. ‘பாதி டோஸ்’னு குறைச்சா சரியாகிற கணக்கு இல்ல இது.

இந்த மருந்தை இடம் மாத்திப் போட்டதுக்கு ஐரோப்பாவே ஒரு தடவை விலை கொடுத்திருக்கு. 2017-ல நெதர்லாந்து, பெல்ஜியம் கோழிப் பண்ணைகள்ல கோழியோட சிவப்பு மைட்டைக் கொல்ல அடிச்ச மருந்துல ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரிய வந்தது. உணவுக்கான உயிரினங்கள் மேல அங்கே அது அனுமதிக்கப்படாத மருந்து. லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகள்ல இருந்து திரும்ப எடுத்தாங்க. அங்கேயும் பிரச்சினை ஒரு மைட்தான். வினை வந்தது அதுக்குப் போட்ட மருந்தால.

பெண் முயல் மிச்சம் இருந்துச்சே, அதை அக்கா ஒரு கால்நடை மருத்துவர்கிட்ட கொண்டு போனாங்க. நானும் கூடப் போனேன். அவர் மருந்துப் பக்கமே போகல. முதல்ல தராசுல வெச்சார். அப்புறம் பிடரி ரோமத்தை விலக்கி, சாதாரண செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து, கண்ணாடித் துண்டுல ஒட்டி மைக்ராஸ்கோப்ல பார்த்தார். ரோம மைட் இருந்துச்சு. அதுக்கப்புறமும் விடல. வாயைத் திறந்து லைட் அடிச்சுப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒரு பக்கம் ஊசி மாதிரி வளர்ந்து நாக்கைக் குத்திட்டு இருந்துச்சு.

"என்ன சாப்பாடு கொடுக்கிறீங்கம்மா?"

"நாங்க சாப்பிடறதுதான் சார். சோறு, பொரி, பிஸ்கட். சமயத்துல கேரட்."

அவர் சிரிக்கல. "உங்க வீட்டுக்குப் பின்னாடி பூரா வைக்கோலும் புல்லும் கிடக்கு. அதைக் கொடுக்காம சோத்தைக் கொடுத்திருக்கீங்க"ன்னார்.

விஷயம் அங்கதான் இருந்துச்சு. முயலோட பல் ஆயுசு பூரா வளர்ந்துட்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். நாரை மணிக்கணக்கா அரைச்சு அரைச்சுத்தான் அது தேயணும். சோறும் பொரியும் அரைக்க வேண்டிய சாப்பாடே இல்ல. பல் தேயல, நாக்குல புண், கோத முடியல. மாவுச்சத்துல உடம்பு பருத்துப் போச்சு, முதுகை எட்ட முடியல. மைட்டுக்கு வேற என்ன வேணும்?

நெல் விளையிற ஊர்ல யார் வந்தாலும் முதல்ல சோறு போடறதுதான் நம்ம பழக்கம். காக்காய்க்கும் சோறு, நாய்க்கும் சோறு. அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா முயலுக்கு மட்டும் அந்த உபசாரம் ஆகாது.

பல்லைச் சரி பண்ணாங்க, ரெண்டு வார இடைவெளியில மூணு ஊசி போட்டாங்க, சாப்பாடு மாறிச்சு. ஒன்றரை மாசத்துல பொடுகு போயிடுச்சு. ஆண் முயலுக்கும் அதே பொடுகுதான். அதைக் கொன்னது பொடுகு இல்ல.

அந்த ஊசி என்ன?

பெரும்பாலும் ஐவர்மெக்டின். கொரோனா காலத்துல தேவையில்லாம பிரபலமான பேர். கால்நடைகளுக்கு இது 1981-ல இருந்து இருக்கு. ஜப்பான்ல சதோஷி ஓமுராங்கிற விஞ்ஞானி, இட்டோ நகரத்துக்கிட்ட ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கத்துல எடுத்த மண்ணுல இருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரிச்சார். அது சுரக்கிற பொருள்ல இருந்து வந்த மருந்து இது. அமெரிக்காவுல வில்லியம் கேம்பலோட குழு அதை மருந்தா வளர்த்தெடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் 2015-ல நோபல் பரிசு.

மைட்டோட நரம்புலயும் தசையிலயும் இருக்கிற ஒரு வகைக் கதவை இது திறந்தபடியே நிறுத்திடும். மைட் முடங்கிச் சாகும். அந்த வகைக் கதவு பாலூட்டிகளுக்குக் கிடையாது, அதனால சரியான அளவுல முயல் தாங்கும். ஆனா இது முட்டையைக் கொல்லாது. முட்டை ரோமத்துல ஒட்டிட்டு இருக்கும், பொரிச்சு வரும். அதனாலதான் 10, 14 நாள் விட்டு மறுபடி போடறாங்க. முதல் ஊசியில பொடுகு குறைஞ்சுடுச்சுன்னு ரெண்டாவதுக்குப் போகாம இருக்கிறவங்க நிறைய. ஒரு மாசத்துல எல்லாம் திரும்ப வந்துடும். அப்புறம் "அந்த மருந்து கேக்கல"ன்னு சொல்வாங்க.

"மாட்டுக்கு வாங்கின ஐவர்மெக்டின் வீட்டுலயே இருக்கு, நாமளே போட்டா என்ன?"ன்னு கேட்கலாம். கணக்கு மட்டும் பாருங்க. மாட்டுக்கு வர்ற 1 சதவீத மருந்து 50 கிலோ எடைக்கு 1 மில்லி. அதே விகிதத்துல ஒன்றரைக் கிலோ முயலுக்கு 0.03 மில்லி. மாட்டுக்குப் போடுற ஊசியில அந்த அளவைக் கண்ணால பார்க்கவே முடியாது. கை ஒரு கோடு தாண்டினா பத்து மடங்கு. முயலோட எடை தெரியாம, நோய் எதுன்னு தெரியாம, அளவும் தெரியாம செய்யிற வேலை இது. இந்தக் கணக்கைச் சொல்றது நீங்க போடறதுக்கு இல்ல, போடாம இருக்கிறதுக்கு. கறிக்காக வளர்க்கிறவங்க, மருந்து போட்டு எத்தனை நாள் கழிச்சு அறுக்கலாம்னும் மருத்துவர்கிட்ட கண்டிப்பா கேட்டுக்கணும்.

கை வைத்தியம்

வேப்பெண்ணெய், புங்க எண்ணெய், கற்பூரம் போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய். நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றது அக்கறையிலதான். மனுஷன் பூசினதை உடனே நக்கித் தின்ன மாட்டான். முயல் நக்கும். கற்பூரம் வயித்துக்குள்ள போனா விஷம். எண்ணெயில ரோமம் சடை பிடிச்சு, இந்தச் சூட்டுல உடம்பு இன்னும் வேகும். இன்னொண்ணு, எண்ணெய் பூசின தோல்ல டேப் ஒட்டாது. மருத்துவர் பார்க்க வேண்டிய ஆதாரத்தை நாமளே அழிச்சுடறோம்.

குளிப்பாட்டவும் வேண்டாம். முயலைத் தண்ணியில முக்கினா பயத்துல அதிர்ச்சிக்குப் போகலாம். உதைச்சுத் துள்ளுறதுல முதுகெலும்பே முறியலாம். அடர்த்தியான ரோமம் சீக்கிரம் காயாது.

‘சொறிக்கு ஆன்டிபயாடிக்’னு வீட்டுல மிச்சம் இருக்கிற மாத்திரை, சிரப் எதையும் கொடுக்காதீங்க. அமாக்சிசிலின் மாதிரி மருந்தை வாய் வழியா கொடுத்தா முயலோட குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியா செத்து, கெட்டது பெருகி, முயலே போயிடலாம்.

டெல்டாவுக்குன்னு சில விஷயம்

நாம வளர்க்கிற முயலோட பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். தமிழ்நாட்டுல அரசு முயல் ஆராய்ச்சி நடக்கிற இடங்களைப் பாருங்க: கொடைக்கானல் மலையில மன்னவனூர், நீலகிரியில சாண்டிநல்லா. எல்லாம் குளிர்ச்சியான மலை. நாம அதைச் சித்திரை வெயில்லயும், ஐப்பசி கார்த்திகை அடைமழை ஈரத்துலயும் வளர்க்கிறோம். 30 டிகிரி தாண்டினாலே அதுக்குச் சிரமம். சிரமத்துல இருக்கிற உடம்புல மைட் சுலபமா பெருகும். நிழல், காத்து, நாள் முழுக்கத் தண்ணி, இதெல்லாமும் தோல் வைத்தியத்துல சேர்த்திதான்.

கூண்டு விஷயம். மருந்து போடற அன்னைக்கே கூண்டையும் சுத்தம் பண்ணணும், ஏன்னா முயல் மேல இல்லாமலேயே மைட் கொஞ்ச நாள் உயிரோட இருக்கும். காது மைட் தோதான ஈரத்துல மூணு வாரம் வரைக்கும் தாங்கும். சாக்கு, அட்டைப் பெட்டி, பழைய வைக்கோலை அப்புறப்படுத்துங்க. மரக் கூண்டோட இடுக்குல மைட் ஒளிஞ்சுக்கும். வெயில் காலத்துல நல்லா காய வைங்க. மழைக் காலத்துல வெயிலை நம்பி உட்கார முடியாது. முயலை வேற இடத்துல விட்டுட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திக் கழுவித் துடைச்சுடுங்க. மாட்டுக் கொட்டகைக்கு அடிக்கிற மருந்தைக் கூண்டுல அடிக்காதீங்க. வீட்டுல எத்தனை முயல் இருந்தாலும் எல்லாத்துக்கும் ஒரே நாள்ல மருத்துவம் நடக்கணும். ஒண்ணை விட்டா, அதுகிட்ட இருந்து மத்ததுக்குத் திரும்ப வரும்.

புல் விஷயம். வரப்புப் புல்லும் அருகம்புல்லும் முயலுக்கு அருமையான சாப்பாடு. ஆனா பக்கத்து வயல்ல என்ன அடிச்சிருக்காங்கன்னு விசாரிக்காம அறுக்காதீங்க. குருணை தூவின வயல் வரப்பு, களைக்கொல்லி அடிச்ச வரப்பு ரெண்டுமே வேண்டாம். கொல்லையில நாமளே வளர்க்கிற புல், வேலிமசால், அளவா அகத்திக்கீரை நல்லது. வைக்கோல் கூடவே போட்டு வைங்க. அதுல சத்து கம்மி, ஆனா பல்லுக்கு வேலை கிடைக்கும். சாப்பாட்டை ஒரே நாள்ல மாத்தாம, ஒண்ணு ரெண்டு வாரத்துல படிப்படியா மாத்துங்க, வயிறு தாங்கணும்.

அப்புறம், உங்களுக்குக் கையிலயோ வயித்துலயோ, முயலைத் தூக்கி அணைக்கிற இடத்துல, சிவப்பு சிவப்பா அரிக்கிற புள்ளி வந்திருந்தா பயப்படாதீங்க. ரோம மைட் மனுஷனைக் கடிக்கும், ஆனா நம்ம மேல பெருகாது. முயலுக்குச் சரியானா நமக்கும் அடங்கிடும். மருத்துவர்கிட்ட மட்டும் சொல்லிடுங்க, அது ஒரு நல்ல துப்பு.

யார்கிட்ட போறது?

"எங்க ஊர் டாக்டர் மாடு, ஆடுதான் பார்ப்பார்"னு ஒருத்தர் சொன்னார். மாட்டுச் சொறியைப் பார்த்தவருக்கு மைக்ராஸ்கோப்ல மைட்டைப் பார்க்கத் தெரியும். தயங்காம போங்க. அவருக்கு முயல்ல பழக்கம் இல்லைன்னா, தஞ்சாவூர்ல இருந்து பட்டுக்கோட்டை சாலையில போனா ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட கல்லூரி, 2012-ல ஆரம்பிச்சது. டெல்டா நடுவுல இப்படி ஒண்ணு இருக்கிறதே நம்மள்ல பல பேருக்கு ஞாபகம் வர்றதில்ல. சென்னைக்கோ நாமக்கல்லுக்கோதான் போகணும்னு நினைக்கிறோம்.

போறதுக்கு முன்னாடி வீட்டுல இதைச் செய்ங்க. அஞ்சு நிமிஷ வேலை.

சமையலறைத் தராசுல ஒரு கூடையை வெச்சு எடையைக் குறிங்க. பொடுகு எங்கெங்க இருக்குன்னு பகல் வெளிச்சத்துல போட்டோ எடுங்க: பிடரி, வால் பக்கம், காதுக்குள்ள, மூக்கு, பாதம். முகவாய்க்கு அடியில ஈரமா இருக்கான்னு பாருங்க. எச்சில் வழிஞ்சா பல்லுல கோளாறு இருக்கலாம். ரோமத்தை விலக்கித் தெளிவான டேப்பை நாலஞ்சு இடத்துல ஒட்டி எடுத்து, சுத்தமான கண்ணாடியிலயோ பிளாஸ்டிக் தாள்லயோ ஒட்டிக் கொண்டு போங்க. ஒரு கறுப்புத் தாள் மேல சீப்பால வாரி, உதிர்ந்த செதிலை லென்ஸ்ல உத்துப் பாருங்க. நகர்ந்துச்சுன்னா பதில் பாதி கிடைச்சுடுச்சு. ஃபோல்ட்ஸ்கோப் கேள்விப்பட்டிருப்பீங்க, மனு பிரகாஷ் ஸ்டான்ஃபோர்டுல உருவாக்கின காகித மைக்ராஸ்கோப், 140 மடங்கு பெருசாக்கும். உங்க பிள்ளையோட பள்ளிக்கூடத்துல இருந்தா கேட்டுப் பாருங்க, இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைக்காது. ஆனா டேப்புல ஒண்ணும் தெரியலைன்னா மைட் இல்லைன்னு முடிவு கட்டாதீங்க. சார்காப்டிஸ் தோலுக்குள்ள இருக்கும், அதை மருத்துவர் சுரண்டி எடுத்துத்தான் பார்க்கணும்.

கடைசியா, இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்களோ எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க. "எண்ணெய் போட்டேன்னா திட்டுவாரோ"ன்னு நினைக்காதீங்க. அந்தத் தகவல் இல்லாம அவர் போடற மருந்து, உங்க மருந்தோட மோதலாம்.

இதுல காத்திருக்கக் கூடாத நிலைமை ஒண்ணு உண்டு. முயல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாம, புழுக்கை போடாம இருந்தா, அது தோல் விஷயம் இல்ல, அவசரம். உடனே கிளம்புங்க. வண்டி வசதி இல்லாத கிராமம்னா 1962-க்குப் போன் பண்ணி வழி கேளுங்க.

பக்கத்து வீட்டுத் தம்பி இப்போ காலையில பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி கொல்லையில புல் அறுக்கிறான். ஞாயித்துக்கிழமை தோறும் எடை போட்டு நோட்டுல எழுதறான். மருத்துவர் கேட்டது அது ஒண்ணைத்தான். உங்ககிட்டயும் நான் அதையே கேட்கிறேன். ஒரு நோட்டு, ஒரு தராசு, கொஞ்சம் செல்லோ டேப். மருந்தை மருத்துவர் முடிவு பண்ணட்டும்.

கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. போட்டோ அனுப்பி "இது என்ன"ன்னு மட்டும் கேட்காதீங்க, போட்டோ பார்த்துச் சொல்ற தகுதி எனக்கு இல்ல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.